மடிக்கணினியும் மன்ற மரியாதையும்



கருத்தரங்குகளில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கலாமா, கூடாதா என்ற பேச்சு இவ்வாண்டு நம் வளாகத்தில் வலுத்திருக்கிறது. அடியோடு தடை செய்ய வேண்டும் என்கின்றனர் ஆசிரியர் சிலர். "எங்கள் கருவி, எங்கள் மடி, இதில் மற்றவர்க்கு என்ன வேலை?" என்கின்றனர் மாணவர் பலர். இரு சாராரும் இதனைப் பேனாவுக்கும் கணினிக்கும் நடக்கும் மல்யுத்தமாகவே காண்கின்றனர். பேனா வென்றால் பழைமை வென்றதாம். கணினி வென்றால் புதுமை வென்றதாம்! நான் அவ்வாறு காணவில்லை. கணினி என் மடியில் இருந்தாலும் அதன் ஒளி பின்வரிசையார் கண்ணில் விழுகிறது. அதன் ஓசை பக்கத்தில் இருப்பவர் காதில் விழுகிறது. அதன் மூடியோ, பேசுகிறவர் முகத்துக்கு எதிரே சுவர்போல் நிற்கிறது. ஆகவே இது என் சொந்த விவகாரம் ஆகாது, அவையின் விவகாரம். அவைக்குச் சட்டம் போடுவதைவிட நல்ல வழக்கத்தை உண்டாக்குவது மேல். அதையும் ஆசிரியர்கள் ஆணையிடுமுன் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்த மல்யுத்தத்தை முடித்துவிடுவோம். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மாணவர்களைச் சொற்பொழிவு கேட்கச் செய்து, சிலரைக் கையால் எழுதவும் சிலரைக் கணினியில் தட்டவும் விட்டனர். தட்டியவர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே இறக்கிவிட்டனர். கையால் எழுதியவர்களோ எல்லாவற்றையும் எழுத இயலாமையால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தனர். கருத்தை ஆராயும் வினாக்களில் அவர்களே மேம்பட்டனர். உலகெங்கும் பேனாப் பிரியர்கள் இதை ஏந்திக் கொண்டாடினர். ஆனால் 2021-இல் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்தார் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தனர். சொல்லுக்குச் சொல் இறக்கும் வழக்கம் முன்போலவே தெரிந்தது. மதிப்பெண்ணில் மட்டும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. எனவே பேனா பிடித்தவரெல்லாம் அறிஞர் என்று மார்தட்டவும் வேண்டாம், கணினி தட்டியவரெல்லாம் கிளிப்பிள்ளை என்று ஏளனம் செய்யவும் வேண்டாம்.

ஆனால் இன்னொரு சோதனை உண்டு. அதைப் பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. 2013-இல் கனடா நாட்டில் சானா, வெஸ்டன், செப்பேடா என்னும் மூவர் நடத்தியது அது. சில மாணவர்கள் கையில் காகிதமும் பென்சிலும் மட்டுமே இருந்தன. அவர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுத்தனர். ஆனால் அவர்கள் கண்ணில் படும்படி முன்னே இருந்தவர்கள் கணினியில் பாடத்துக்குப் புறம்பான பக்கங்களைப் புரட்டிக் கொண்டிருந்தனர். முடிவில் தேர்வு வைத்தபோது, அத்தகைய திரையைக் காணாத மாணவர்களைவிட இவர்கள் 17 விழுக்காடு குறைவாக மதிப்பெண் பெற்றனர். பாவம், இவர்கள் என்ன பிழை செய்தார்கள்? தப்பான நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அவ்வளவே! "என் மடி, என் உரிமை" என்னும் நண்பர்கள் இந்த எண்ணைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் தீவுக்கு இந்தச் சிக்கல் புதியது. என் வீடு ஷாதிபூரில். எனக்கு ஐந்து வயதாகும்போது என் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு கப்பலேறினார். பள்ளிப் பருவத்தில் நான் கண்ட இணையம் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். அந்நாளில் கருத்தரங்குக்கு மடிக்கணினி கொண்டுவந்தவர் அதில் எழுதத்தான் முடியும். வேறெங்கும் ஓடிப்போக வழியில்லை. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடியாக வந்த கண்ணாடி இழைக் கம்பி திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். நம் நகரோடு ஏழு தீவுகளைத் தொட்டுச் செல்கிறது. அது வரமே, ஐயமில்லை. அதனால்தான் இன்று சென்னையில் படிக்கும் மாணவர் காணும் ஆய்விதழை நாமும் அதே நாளில் காண்கிறோம். ஆனால் அதே கம்பி வழியே கிரிக்கெட்டும் வந்தது, கடைத்தெருவும் வந்தது, அத்தை மகள் திருமணப் படங்களும் வந்தன. எழுதுபலகையாக இருந்த மடிக்கணினி சன்னலாக மாறிவிட்டது. சன்னலோரம் உட்கார்ந்தவர் வெளியே பார்க்காமல் இருப்பாரோ?

இனி, பேச வருகிறவரைப் பற்றி எண்ணுவோம். இங்கே ஒரு விஞ்ஞானி வந்து பேசுவது சென்னையிலோ பெங்களூரிலோ பேசுவது போன்றதன்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வருகிறார். கப்பல் என்றால் மூன்று நாள். விமானம் என்றாலும் மழைக்காலத்தில் வருமா, திரும்புமா என்ற கவலை. அவருக்கு நாம் தரக்கூடியது என்ன? பொன்னாடையா? மாலையா? பேசும்போது நிமிர்ந்து பார்க்கும் முகமும், பேசி முடித்ததும் எழும் கேள்வியும்தாம். சென்ற ஆண்டு இங்கு நடந்த ஒரு கருத்தரங்கில் பவளப் பாறைகளைப் பற்றி ஓர் அம்மையார் பேசினார். கடல் சூடேறினால் பவளம் ஏன் வெளுக்கிறது, வெளுத்தது எப்போது மீளும், எப்போது மடியும் என்று இருபது ஆண்டு உழைப்பை நாற்பது நிமிடத்தில் எடுத்து வைத்தார். முன்வரிசை மூன்றிலும் மூடிகள்! முகங்கள் இல்லை. பேசி முடித்து, "ஏதேனும் கேள்வி உண்டா?" என்றார். விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. அவருடைய கடைசி வாக்கியத்தை இறக்கிக் கொண்டிருந்தார்கள் போலும். மறுபடியும் கேட்டார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீருக்கு எழுந்தோம்.

திருக்குறளில் பேசுகிறவனுக்காக அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. கேட்கிறவனுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அதன் பெயர் கேள்வி. தமிழில் கேட்பதற்கும் கேள்வி என்றே பெயர். வினவுவதற்கும் கேள்வி என்றே பெயர். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்று நம் மொழிக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் மறந்துபோயிற்று. தீவு மாணவர்களாகிய நமக்கு இதில் இழப்பு பெரிது. அயலூர் ஆய்வகத்தில் நமக்குத் தெரிந்தவர் யார்? பரிந்துரைக்க எந்த மாமா இருக்கிறார்? அந்தப் பத்து நிமிடக் கேள்வி நேரமும், கையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் கால் மணியும்தாம் நமக்கு வாசல். நல்ல கேள்வி கேட்ட மாணவரின் பெயரைப் பேச்சாளர் கேட்டு வைத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து ஆய்வு மாணவராகச் சேர அவருக்கு எழுதும்போது, "ஆம், அன்று வெளுத்த பவளத்தைப் பற்றிக் கேட்டவர்" என்று நினைவு கொள்கிறார். கணினியில் ஒன்பது பக்கக் குறிப்பு இருக்கிறது, கேட்க ஒரு கேள்வி இல்லை என்றால், அந்த ஒன்பது பக்கத்தை வைத்து என்ன செய்வது? பெரும்பாலும் அதே சொற்பொழிவின் சுருக்கம் கையில் கொடுக்கப்பட்ட மலரிலேயே அச்சாகி இருக்கிறது!

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இது தமிழ் மன்றத்து இதழல்லவா? ஷாதிபூரில் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, வகுப்பறையில் ஆங்கிலம். கருத்தரங்கில் ஆங்கிலத்தில் கேட்டதைக் காகிதத்தில் எழுதும் நம் தோழர்களின் குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், ஓரத்தில் ஓர் அம்புக்குறி, "இது ஏன்?" என்று ஒரு கேள்வி. கேட்டதைத் தம் மொழிக்குள் கொண்டுவரும்போதே சிந்தனை நடந்துவிடுகிறது. கணினியில் எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே இறக்குகின்றனர். காரணம், தமிழில் தட்டத் தெரியாது. இதற்குக் கணினியைக் குறை கூறுவது தகாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பிறந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. இடப்புறம் உயிரெழுத்து, வலப்புறம் மெய்யெழுத்து. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். அறிஞர்களும் பொறியாளர்களும் ஒரு மாநாட்டில் கூடிச் செய்து தந்ததை நாம் மாநாட்டில் பயன்படுத்தாமல் இருப்பது விந்தையே. ஒரு விடுமுறை வாரம் போதும், பழகிவிடலாம்.

அடுத்தது படம் பிடிப்பது. குறிப்பெடுக்கக் கொண்டுவந்த கருவியே இன்று படமும் பிடிக்கிறது, ஒலியும் பதிகிறது. ஸ்லைடு மாறும்போதெல்லாம் இருபது கைகள் மேலெழுகின்றன. கோயில் தீபாராதனையில்கூட இத்தனை கைகள் எழா. இதில் மரியாதை மட்டுமன்று, நியாயமும் கலந்திருக்கிறது. 2008 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு மாநாடு. விண்வெளியில் சுற்றிய பமேலா என்னும் கருவி கண்ட பாசிட்ரான் அளவீடுகளை அந்தக் குழுவினர் ஸ்லைடில் காட்டினர். அவை அச்சேறாதவை. அவையில் இருந்தோர் அதைப் படம் பிடித்தனர். படத்திலிருந்து புள்ளிகளை அளந்தெடுத்தனர். தம் கட்டுரைகளில் வரைந்து வெளியிட்டும் விட்டனர். எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் பௌதிக உலகில் பெரும் சலசலப்பு எழுந்தது. உரியவர்களின் கட்டுரை நேச்சர் இதழில் 2009 ஏப்ரலில்தான் வெளிவந்தது. திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விருந்துக்கு அழைத்தவர் சமையலறையில் வெந்துகொண்டிருப்பதைக் காட்டினால், பார்த்து மகிழலாமே தவிர, அள்ளிக்கொண்டுபோய் ஊருக்குப் பரிமாறலாமா? அதே 2009-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தார், தம் கூட்டங்களில் கேட்டதை இணையத்தில் எழுத விரும்புவோர் பேசியவரிடம் முன்னதாக அனுமதி பெற வேண்டும் என்று விதி செய்தனர். கார்டன் ஆய்வு மாநாடுகளிலோ படம் பிடிப்பதும் ஒலிப்பதிவும் அறவே கூடா. பேசுகிறவர் முடியாத வேலையையும் அச்சமின்றிச் சொல்லவேண்டும் என்பதற்காகவே அந்த விதி.

பிறர் எடுக்கும் குறிப்புக்குப் பேசுகிறவர் அஞ்சுவது தமிழகத்துக்குப் புதிதன்று. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியவற்றைப் போலீசார் குறித்து வைத்தனர், அந்தக் குறிப்புகள் நீதிமன்றத்தில் வந்து நின்றன, வ.உ.சி.க்கு முதலில் கிடைத்த தீர்ப்பு தீவாந்தரம். விஞ்ஞானக் கருத்தரங்கில் அவ்வளவு ஆபத்து இல்லைதான்! ஆனால் தன் சொல் எங்கே போய்ச் சேரும் என்று அறியாதவர் மனந்திறந்து பேசமாட்டார்; நமக்கு மிஞ்சுவது அச்சில் ஏற்கெனவே வந்த பழங்கதைதான்.

நம் துறையில் இன்னும் ஒரு படி மேலே. கடல் அட்டை எந்தத் திட்டில் திரளாகக் கிடைக்கிறது என்று ஓர் ஆய்வாளர் வரைபடத்தோடு ஸ்லைடு காட்டினால், அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவி யார் கைக்குப் போகும்? 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. கள்ளத்தனமாக அள்ளுவோர்க்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டாம். அனுமதியின்றிப் படம் பிடிக்கலாகாது என்பதும் தீவுக்காரர்க்குத் தெரியாததன்று. ஜிர்காடாங் சாவடியில் வண்டி நிற்கும்போது போலீஸ்காரர் சொல்லும் முதல் சொல்லே அதுதானே? ஜாரவா மக்களைக் காக்க 1956-இல் செய்யப்பட்ட ஒழுங்குமுறை 2012-இல் இன்னும் இறுக்கப்பட்டதை நாமெல்லாம் அறிவோம். அது ஒரு மக்களின் உயிர்ப் பிரச்சினை. அதை ஒரு ஸ்லைடோடு ஒப்பிடுவது தகாது. "கேட்டுவிட்டுப் பிடி" என்னும் பழக்கம் நம் கைக்கு ஏற்கெனவே உண்டு என்பதற்காகவே சொன்னேன்.

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் தடையே நல்லது" என்று ஆசிரியப் பெருமக்கள் மகிழ வேண்டா. தடைக்கு நான் முழு எதிரி. நம்மிடையே பார்வை குறைந்த தோழர்கள் உள்ளனர். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையன்றி அவர்களுக்கு வழியில்லை. காது மந்தமானவர் உண்டு. விரலில் நோயுற்றுப் பேனா பிடிக்க இயலாதவர் உண்டு. "அவர்களுக்கு மட்டும் விலக்களிப்போம்" என்பார்கள். அங்கேதான் கொடுமை. அறையில் ஒரே ஒரு மடிக்கணினி திறந்திருந்தால், நூறு கண்கள் அவரையே பார்க்கும். சொல்ல விரும்பாத குறையை அவர் ஊரறியச் சொன்னதாகிவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுக்குச் சம வாய்ப்பை உரிமையாகத் தந்திருக்கிறது. விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத் தரச் சொல்லவில்லை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த தோழரையும் எண்ணிப் பாருங்கள். பேச்சாளர் சொன்ன கலைச்சொல் ஒன்று பிடிபடவில்லை. சட்டென்று திரையில் தேடிப் பொருள் அறிகிறார். அடுத்த பத்து நிமிடமும் அவருக்குப் புரிகிறது. அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவது யாருக்கு இலாபம்? தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதன் நோக்கமே, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இருந்ததை எல்லார்க்கும் ஆக்குவதுதான். அதைக் கருத்தரங்க வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே ஆணை வேண்டாம், ஏற்பாடு வேண்டும். நம் மன்றத்தின் மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். கணினி கொண்டுவருவோர் பின்வரிசைகளிலும் ஓரங்களிலும் அமர்வது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் திரைக்குப் பின்னே சுவர்தான் இருக்கும், பிறர் கண் இராது. பார்வை குறைந்தவர் முன்னே அமர விரும்பினால் சுவரோர நாற்காலி அவருக்கு. ஏன் என்று யாரும் வினவலாகாது. திரை ஒளியைக் குறைப்பதும், ஒலியை அடைப்பதும், இணையத்தைத் துண்டித்துக்கொள்வதும் அவரவர் பொறுப்பு. சொல்லுக்குப் பொருள் தேட ஒரு நொடி இணைத்துக்கொண்டால் குடிமுழுகாது; ஆட்ட எண்ணிக்கை பார்ப்பதுதான் கூடாது. விசைகளை மத்தளம்போல் அடிப்போர் சற்று மெல்ல அடிக்கட்டும். கேள்வி நேரம் தொடங்கியதும் மூடிகள் பாதியாவது தாழட்டும். அப்போது பேசுகிறவருக்கு நம் முகம் தெரியும். நமக்கும் நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறதா என்று தெரியும். படம் பிடிக்கலாமா என்பதைச் செயலாளர் பேச்சாளரிடம் முன்கூட்டியே கேட்டு, வரவேற்புரையிலேயே அறிவித்துவிட வேண்டும். எல்லா ஸ்லைடும் கூடும், இன்ன ஸ்லைடு மட்டும் கூடாது என்று அவரே சொல்லட்டும். சொல்ல மறந்தால், கூடாது என்றே கொள்வோம்.

கடைசியாக மின்சாரம். நம் மண்டபத்தில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட் இரண்டே இரண்டு; இரண்டும் மேடை ஓரத்தில். கணினிக்காரர்கள் முன்வரிசைக்கு முண்டியடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் ஐயம். நடைபாதையில் கிடந்த ஒயரில் கால் தடுக்கி, பேச்சாளருக்குத் தண்ணீர் கொண்டுவந்த தோழர் குவளையோடு விழுந்ததைப் பார்த்தவர் பலர். பின்சுவரில் நான்கு பாயிண்ட் வைத்துத் தரும்படி மன்றத்தின் பெயரால் விண்ணப்பம் கொடுப்போம். அது வரும்வரை, அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று நான் கொண்டுவருகிறேன். நீண்ட ஒயரும், அதைச் சுவரோரமாக ஒட்டுவதற்கு டேப்பும் யாரேனும் கொண்டுவாருங்கள்.